ஆறு பாகத் தண்ணீர்

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் ஒன்றுக்கு ‘வான்தீவு ஆறுபாகப் பார்’ என்று பெயர். தூத்துக்குடிக் கடலில் வான்தீவுப் பக்கம், ஆறு பாகத் தண்ணீருக்குக் கீழே கிடக்கும் பாறைத்தரை அது. இரண்டு கைகளையும் விரித்து நீட்டினால் வரும் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. கயிற்றை இழுத்து இழுத்துக் கையால் எண்ணியவர்களின் கணக்கு, கடலுக்குள் ஓர் இடத்துக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது. படகுகளுக்கு எக்கோ பொருத்துவது என் தொழில். மீன் கூட்டத்தையும் கடலடியையும் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரைத்தான் எங்கள் கரையில் எக்கோ என்கிறோம். புன்னைக்காயலில் இருந்து இடிந்தகரை வரை அந்த வேலையாகவே போய்வருகிறேன். கயிற்றைக் கையால் எண்ணிய, பெயர் தெரியாத அந்த மனிதர்களைத்தான் என் தொழிலின் முன்னோர்களாக நினைக்கிறேன்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ஆழம் என்பது மீன்பிடிக்கிறவர்களின் கவலை மட்டுமாக இருந்ததில்லை. பாண்டியரின் முத்துத்துறையான கொற்கை இன்று கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கும் வாழைக்கும் நடுவே இருக்கிறது. பொதிகையில் இருந்து ஆறு கொண்டுவந்த வண்டலில் துறை தூர்ந்தது. வணிகம் கீழே காயலுக்கு இறங்கியது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதியது அந்தக் காயலைத்தான். அதுவும் தூர்ந்தபின், போர்த்துகீசியர் காலத்தில் முகத்துவாரத்துப் புன்னைக்காயல் தலையெடுத்தது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இந்தத் துறைகளின் கதையைச் சொல்லியிருக்கிறார். சில பாகம் தண்ணீர் குறைந்ததற்கு ஒரு நகரமே விலை கொடுத்த பூமி இது.

அளக்கும் கருவி என்னவோ எளியதுதான்: ஈயக்குண்டும் கயிறும். வரைபடம் போட வந்த கப்பல்காரர்களின் குண்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பை அப்பிக் கீழே இறக்குவார்கள். ஒட்டிவருவது மணலா, சிப்பித்தூளா, சேறா என்று பார்த்து ஆழத்தின் பக்கத்தில் குறித்துக்கொள்வார்கள். ஒன்றும் ஒட்டாமல் கொழுப்பில் வடு மட்டும் விழுந்திருந்தால் அடியில் பாறை. 1830-களின் கடைசியில் இந்தியக் கடற்படையின் பவெலும் ஈதர்சேயும் இந்த வளைகுடாவை அளந்தது குண்டும் கயிறுமாகத்தான்.

என் தாத்தா சங்கு குளித்தவர். அவருக்குக் கொழுப்பு தேவைப்படவில்லை. குண்டு தரையில் படும் விதத்தைக் கயிறே கைக்குச் சொல்லிவிடும் என்பார். பாரில் விழுந்தால் ஓர் உதறல் மேலே வரும். மணலில் விழுந்தால் கயிறு சத்தமில்லாமல் தொய்யும். சேற்றில் விழுந்தால் தூக்கும்போது விடாமல் பிடிக்கும். அவர் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொன்று: கயிறு செங்குத்தாக நிற்கிற அந்த நொடியில்தான் எண்ண வேண்டும். படகு நகர்கிற திசையில் குண்டை முன்னால் எறிந்து, படகு அதற்கு நேர்மேலே வரும்போது கயிற்றைப் பிடிக்க வேண்டும். சாய்ந்த கயிற்றில் ஆறு பாகம் எட்டாகிவிடும்.

ஆழத்தை அளந்தால் போதுமா? அந்த இடத்துக்கு மறுநாள் திரும்பி வரவும் வேண்டும். அதற்குக் கரை உதவியது. திருச்செந்தூரின் ஒன்பது நிலைக் கோபுரம், மணல்மேட்டின் மேல் நிற்கும் மணப்பாடு திருச்சிலுவைக் கோயில், உள்நாட்டு மலைமுகடு என்று இரண்டு இரண்டு அடையாளங்களை நேர்ப்படுத்தி, இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் பாரைக் கண்டுபிடித்தார்கள். தூத்துக்குடியில் முத்து, சங்குத் துறைக்குப் பொறுப்பாக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் இந்தப் பார்களைப் பற்றி 1905-இலும் 1922-இலும் விரிவாக எழுதினார். பெரும்பாலான பார்கள் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. மணல் நகர்ந்து வந்து மூடினால் குஞ்சுச் சிப்பிகள் மொத்தமாக அழியும். அதனால்தான் ஒரு வருஷம் நிறைந்து கிடந்த பார் சில வருஷங்களில் வெறும் தரையாகிவிடும். கடைசியாக 1955 முதல் 1961 வரை இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. அதோடு நின்றது.

அதற்கு முன்பே, வெகுதூரத்தில் வேறொரு வழியில் ஆழத்தை அளக்கத் தொடங்கியிருந்தார்கள். 1912-இல் டைட்டானிக் மூழ்கியபின், பனிப்பாறையை ஒலியால் கண்டறிய முயன்ற ஜெர்மானியர் அலெக்சாண்டர் பேமுக்குக் கடலடியின் எதிரொலி கிடைத்தது. 1913-இல் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிய பிரெஞ்சு இயற்பியலாளர் லாஞ்செவின், குவார்ட்ஸ் படிகத்தில் மின்சாரம் பாய்ச்சி அதைத் துடிக்கவைத்து ஒலியெழுப்பினார். ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் இன்றைய டிரான்ஸ்டியூசருக்குள் இருப்பதும் அதே தத்துவம்தான். 1948-இல் ஜப்பானின் நாகசாகிப் பக்கத்தில் ஃபுருனோ சகோதரர்கள் அதை மீன் தேடும் கருவியாக்கி மீனவர் கையில் கொடுத்தார்கள்.

எங்கள் கடலுக்கு அது ஆராய்ச்சிக் கப்பலில் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் கொச்சியில் இருந்து இயங்கிய ஐ.நா. மீன்வளத் திட்டத்தின் ‘ராஸ்ட்ரெல்லிஜர்’ கப்பல், ரத்னகிரியில் இருந்து தூத்துக்குடி வரைக்கும் எதிரொலிக் கருவியோடு அலசியது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் நெத்தலி பெருங்கூட்டமாக மன்னார் வளைகுடாவில் சேர்வதை அந்தக் கப்பலின் காகிதச் சுருள் பதிந்து காட்டியது. எங்கள் அப்பச்சிகளுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது. ஆனாலும் எத்தனை அகலம், எத்தனை ஆழம் என்று கோடுகளாகக் கிடைத்தது பெரிய காரியம்.

விசைப்படகுகளுக்கும் வள்ளங்களுக்கும் கருவி வந்த பிறகு, அதை எங்கே பொருத்துவது என்பதே முழுப் பிரச்சினையும் ஆனது. ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். இருபது மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப நொடியில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். அந்த இடைவெளியில் டிரான்ஸ்டியூசரின் முகத்துக்கு முன்னால் காற்றுக்குமிழி ஓடினால் ஒலி அங்கேயே தடைபடும். ஒரு வள்ளத்தில் வேறு யாரோ பின்பக்கம் பொருத்தியிருந்த கருவி, மெதுவாகப் போனால் தரையைக் காட்டும். வேகம் பிடித்தால் திரையெல்லாம் புள்ளியாகிவிடும். கருவியை மாற்றிப் பார்த்தார்கள், கேபிளை மாற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் சரியாகவில்லை. அந்த வள்ளத்தின் பழைய சம்மாட்டி ஓரத்தில் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த நுரை எங்கன போயி முடியுதுன்னு பாரு தம்பி. நேரா அது மூஞ்சியில்லா போயி அப்புது” என்றார். நான் ஏரா என்கிற அடிமரத்தின் பக்கமாக, அணியம் என்கிற முன்முனையில் இருந்து மூன்றில் ஒரு பங்கு நீளம் தள்ளி, நுரை தொடாத கோட்டில் மாற்றிப் பொருத்தினேன். முழு வேகத்திலும் தரை அறுபடாமல் வந்தது.

வள்ளத்தின் அடி சரிவானது. டிரான்ஸ்டியூசரை அப்படியே பதித்தால் ஒலி பக்கவாட்டில் போகும். தாத்தாவின் சாய்ந்த கயிறு போலவே ஆழம் கூடிக் காட்டும். அதனால் சரிவுக்கு ஏற்ப ஒரு கட்டையைச் சீவி, முகம் நேராகக் கீழே பார்க்கும்படி உட்காரவைக்க வேண்டும். கட்டையின் முன்விளிம்பைத் தண்ணீர் வழுக்கிப் போகும்படி இழைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கட்டையே குமிழி கிளப்பும். மரவள்ளத்துக்கு வெண்கல உறைதான் போடுவேன். மரம் தண்ணீர் குடித்து உப்பும்போது பிளாஸ்டிக் உறை நெரிந்து விரிசல் விடும். பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து வேலை தெரிந்த ஆசாரி பக்கத்தில் இல்லாமல் அந்த ஓட்டையை நான் போடுவதே இல்லை.

உவரி, கூடுதாழை, கூத்தங்குழி போன்ற ஊர்களில் வேறு சங்கடம். அங்கே ஃபைபர் படகு அலையைத் தாண்டி வந்து மணலில் ஏறும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தப் படகுகள் பெருகின. அடியில் துருத்தி நிற்கும் எதுவும் அங்கே தாங்காது. படகின் பின்பலகையில் கீல் வைத்த பட்டையில் மாட்டி, கரை நெருங்கும்போது கயிற்றை இழுத்து மேலே தூக்கிக்கொள்ளும்படி செய்து கொடுக்கிறேன். பின்னால் நின்று பார்க்கும்போது ப்ரொபெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றினால் வலப்பக்கம் அதன் இலை கீழ்நோக்கி இறங்கும். அந்தப் பக்கம் கலக்கம் குறைவு, அங்கேதான் பட்டை. மாசத்துக்கு ஒருமுறை முகத்தில் ஒட்டும் பாசியையும் கொட்டலசையும் மெதுவாகத் துடைக்கச் சொல்வேன். கத்தியால் சுரண்டக் கூடாது. சீலா மீனுக்குள் காற்றுப்பை கிடையாது. அதன் எதிரொலி மெலிந்தே வரும். முகம் அழுக்காக இருந்தால் கூட்டமே கீழே நின்றாலும் திரையில் வராது.

திரையைப் படிக்க இன்னும் பழைய ஆட்கள்தான் வேண்டும். தடித்த கோடு, அதற்குக் கீழே இரண்டாவது எதிரொலி என்றால் கடினமான தரை. மெலிந்து மங்கிய கோடு என்றால் சேறு என்று நான் சொல்வேன். அது எந்தப் பார், அதன் விளிம்பில் எந்த மாதத்தில் விளமீன் நிற்கும் என்று சொல்பவர் குண்டு இறக்கிப் பழகியவர். கருவி விற்கும் கடைகளில் அந்தப் பாடம் சேர்த்துத் தரப்படுவதில்லை என்பதில் எனக்கு நிரந்தர வருத்தம் உண்டு.

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி பெருக்கெடுத்தபோது, புன்னைக்காயல் முகத்துவாரம் வழியாகச் செம்மண் தண்ணீர் கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தது. அப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பிறகு பழைய ஆழத்தை நம்பிப் படகை உள்ளே விடக் கூடாது. நான் பொருத்தும் ஒவ்வொரு கருவியையும் முகத்துவாரத்துக்கு வெளியே, மோட்டாரை நிறுத்தி, நங்கூரம் போட்டுச் சோதிக்கிறேன். ஈயக்குண்டை இறக்கி, கயிறு செங்குத்தாகும்போது எண்ணுகிறேன். டிரான்ஸ்டியூசர் தண்ணீர் மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே இருந்தால் திரை அந்த ஒன்றரை அடியை விட்டுவிட்டுத்தான் சொல்லும். அதைக் கருவியில் சேர்த்துப் பதிகிறேன். கயிறும் திரையும் ஒன்றான பிறகு, படகுக்காரர் கேட்டால் மீட்டரிலும், அவர் அப்பா கூட இருந்தால் பாகத்திலும் எழுதிக் கொடுக்கிறேன்.