தவளையும் கணினியும்: ஜிப்மரின் மருந்தியல் பாடம்

புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மரின் வரலாறு 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து ஆரம்பிக்கிறது. 1956-ல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது. 1964-ல் ஜிப்மர் ஆனது. இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப்போவது அங்கே உருவான ஒரு மென்பொருளை.

முன்பெல்லாம் மருந்தியல் செய்முறை வகுப்பு என்றால் தவளைதான். அதன் இதயத்தை ஒரு நெம்புகோலோடு இணைப்பார்கள். சுழலும் உருளையில் கரி படிந்த தாளைச் சுற்றி, இதயத் துடிப்பைக் கோடாகப் பதிவு செய்வார்கள். அட்ரினலின் சொட்டினால் துடிப்பு வலுக்கும், அசிட்டைல்கோலின் சொட்டினால் தளரும். இந்த இரண்டு வரியைத் தெரிந்துகொள்ள வகுப்புக்கு வகுப்பு தவளைகள் செத்தன!

ஜிப்மர் மருந்தியல் பேராசிரியர் ஆர்.ரவீந்திரன் இதற்கு மாற்றாக 'எக்ஸ்ஃபார்ம்' என்ற மென்பொருளை உருவாக்கினார். தவளை இதயம், முயல் கண், நாயின் இரத்த அழுத்தம் எல்லாம் திரையிலேயே. பெயர் தெரியாத மருந்தைக் கொடுத்து, அது என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்லும் தேர்வுப் பகுதியும் அதில் உண்டு. 2014-ல் இந்திய மருத்துவக் கவுன்சிலே விலங்குகளுக்குப் பதிலாகக் கணினி வழிப் பாடத்தை ஏற்றது.

ஆனால் திரையில் வரும் விடை முன்பே எழுதி வைக்கப்பட்டது. மருந்து இதயத்தை என்ன செய்யும் என்று அது காட்டும். நோயாளி பிழைப்பாரா என்று காட்டாது. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு அமெரிக்காவில் நடந்த 'காஸ்ட்' ஆய்வே சாட்சி. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு வரும் தாறுமாறான துடிப்பை என்கெய்னைடு, ஃப்ளெக்கெய்னைடு ஆகிய மருந்துகள் நன்றாகவே அடக்கின. ஆகவே உயிரையும் காக்கும் என்று மருத்துவர்கள் நம்பி எழுதிக் கொடுத்தார்கள். ஆய்வில் மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர்தான். 1989-ல் அந்த மருந்துகளைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இப்படி நோயாளிகளிடம் கிடைத்த முடிவை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்வதற்கு, 1991-ல் கனடாவின் கார்டன் கையாட் 'ஆதாரம் சார்ந்த மருத்துவம்' என்று பெயரிட்டார். அதைக் கற்பிக்கவும் கணினி வேண்டும், ஆனால் வேறு விதத்தில். மருந்து ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் நூலகத்தை 2007-ல் ஐ.சி.எம்.ஆர். பணம் கட்டி இந்தியா முழுவதற்கும் திறந்துவிட்டது. 2019-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து வந்த புதிய பாடத்திட்டத்தில் திரை நாயின் இரத்த அழுத்தமும் இருக்கிறது, மருந்துக் கம்பெனி விளம்பரத்தை ஆராய்ந்து குறை சொல்லும் பயிற்சியும் இருக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டாவதற்குத்தான் அதிக நேரம் கொடுப்பேன். விற்பனைப் பிரதிநிதி கொடுத்த ஒரு வழவழப்பான தாள், அதன் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஆய்வைத் தேட ஒரு கணினி. அவ்வளவு போதும்.