காசுக்கேற்ற காமிரா: ஒரு வெளிச்சக் கணக்கின் வரலாறு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்தில் கண் கூசும் வெயில். மேலே ஏலத்தோட்டத்துக்குள் நுழைந்ததும் மரநிழலும் மூடுபனியும். ஏலம் நிழலை விரும்பும் பயிர். உயர்ந்த காட்டு மரங்களின் கீழேதான் அது செழிக்கும். அங்கே வெளிச்சம் வெட்டவெளியில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். அடர்ந்த இடங்களில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. நம் கண் இதைப் பெரிதாக உணர்வதில்லை. கண்ணின் பாவை விரிந்தும், விழித்திரை கூர்மையடைந்தும் ஈடு செய்துவிடுகின்றன. காமிராவுக்கு அந்தத் திறமையை நாம் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும்.

ஆகவே, 'கையிலுள்ள பணத்துக்கு எந்தக் காமிரா?' என்ற கேள்வி, உண்மையில் வெளிச்சத்தைப் பற்றிய கேள்வியே. அதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

ஒரு டாலர் பெட்டி

1888இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடக்' காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். 100 படங்களுக்கான பிலிம் உள்ளேயே இருந்தது. அன்றைய தொழிலாளிக்கு அது எட்டாக்கனி. 1900இல் அதே நிறுவனம் 'பிரவுனி' என்ற பெட்டிக் காமிராவை ஒரே டாலருக்கு விற்றது. ஆறு படம் எடுக்கும் பிலிம் சுருள் 15 சென்ட். காமிராவை மலிவாகக் கொடு, பிலிமில் இலாபம் பார் என்பதே இதிலிருந்த வணிகச் சூத்திரம்.

நம் நாட்டில் அந்த இடத்தைப் பிடித்தது 'ஆக்ஃபா கிளிக் 3'. பரோடாவில் தயாரான இக்காமிராவில் 120 அளவுப் பிலிமைப் போட்டால் 12 படங்கள் கிடைக்கும். பிலிமையும் உள்நாட்டிலேயே செய்வதற்காக 1960இல் அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உதகமண்டலத்தில் தொடங்கப்பட்டது. 1967இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 'இந்து' என்ற பெயரில் அதன் பிலிம்கள் விற்பனையாயின. பிற்காலத்தில் அவ்வாலை மூடப்பட்டது.

கிளிக் காமிராவுக்கு ஒரே ஷட்டர் வேகம். அதன் வில்லையின் துளையும் சிறியது. போடியின் வீதியில் நண்பகலில் படம் நன்றாக விழும். ஏலச்செடியின் மறைவில் விழாது. நெகட்டிவில் உருவம் பதியும் அளவுக்கு ஒளி உள்ளே சென்றிருக்காது. நிழலில் குனிந்து காய் பறிக்கும் பெண்ணின் முகத்தைப் பதிக்க, அகன்ற வில்லை கொண்ட விலையுயர்ந்த காமிரா வேண்டும். மலிவான காமிரா வைத்திருந்தவர், அவரை வேலையை விட்டு வெயிலுக்கு வரச் சொல்லி, நிற்கவைத்துத்தான் எடுக்க முடியும். எதைப் படமெடுக்கலாம், எதை எடுக்க முடியாது என்பதையும் காமிராவின் விலையே முடிவு செய்தது. பல குடும்பங்களின் பழைய படங்களில் உழைக்கும் கோலம் இல்லாமல், நிற்கும் கோலமே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிலிம் போய்ச் சில்லு வந்தது

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் 'சி.சி.டி.' என்ற சிலிக்கன் சாதனத்தை உருவாக்கினர். இதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்றனர். சிலிக்கன்மீது ஒளி விழுந்தால் எலெக்ட்ரான்கள் விடுபடும். மழைநீரை வாளிகளில் பிடித்து அளப்பதுபோல அவற்றைப் புள்ளி புள்ளியாகச் சேர்த்து அளக்கலாம்.

1975இல் கோடக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் இச்சில்லைக் கொண்டு முதல் டிஜிட்டல் காமிராவை அமைத்தார். எடை சுமார் 3.6 கிலோ. படத்தில் 10,000 புள்ளிகளே. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடி பிடித்தது! அதே நிறுவனத்தின் பிரைஸ் பேயர், வண்ணம் பிரிக்கும் வடிகட்டிக்கு 1976இல் காப்புரிமை பெற்றார். அதில் பாதிக் கட்டங்கள் பச்சை; கால் பங்கு சிவப்பு; கால் பங்கு நீலம். மனிதக் கண் பச்சைப் பகுதியில்தான் மிகக் கூர்மையாகப் பார்க்கிறது என்பதே காரணம். ஏலக்காயின் பச்சையைப் பார்த்து விலை சொல்லும் போடி வியாபாரிக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

1990களில் எரிக் ஃபாசமும் அவருடைய குழுவினரும் 'சீமாஸ்' வகைச் சில்லை மேம்படுத்தினர். இது சாதாரணக் கணிப்பொறிச் சில்லு செய்யும் முறையிலேயே தயாராவதால் விலை சரிந்தது. பின்னர் கைப்பேசிக்குள்ளும் புகுந்தது.

பழைய சூத்திரம் இப்போது தலைகீழாயிற்று. படத்துக்குப் படம் செலவில்லை, செலவெல்லாம் தொடக்கத்திலேயே. ஆகவே, வாங்கும்போது யோசிக்கவேண்டும்.

எதைப் பார்த்து வாங்குவது?

பலரும் மெகாபிக்சல் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். வாளிகள் எத்தனை என்பதைவிட, மழை விழும் முற்றம் எவ்வளவு பெரியது என்பதே முக்கியம். சிறிய காமிராக்கள் பலவற்றின் சில்லு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். ஏ.பி.எஸ்.-சி என்ற வகை சுமார் 366. முழுச்சட்ட வகை 864. வில்லைத் துளையின் எண்ணும் ஷட்டர் வேகமும் ஒன்றாயிருந்தால், இரண்டாவது வகைச் சில்லு முதலாவதைவிட 13 மடங்கு ஒளியைப் பெறும். நிழலில் எடுத்த படம் புள்ளி புள்ளியாகச் சிதறாமல் இருக்க இதுவே வழி.

அடுத்தது வில்லை. எஃப் 1.8 துளையுள்ள வில்லை, எஃப் 5.6 துளையுள்ளதைவிடச் சுமார் 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். பணம் குறைவாயின், பழைய உடலும் நல்ல வில்லையும் வாங்குவது புத்திசாலித்தனம். வெயிலில் மட்டும் படமெடுப்பவருக்கோ கைப்பேசியே போதும், வீண்செலவு வேண்டாம்.

மலைப்பகுதியில் வாழ்வோர் இன்னொரு சிறு தொகையையும் ஒதுக்கவேண்டும். ஈரக்காற்றில் வில்லையின் மீது பூஞ்சை படரும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்தால் அதைத் தடுக்கலாம்.

ஒரு டாலர் பெட்டி எல்லோர் கையிலும் காமிராவைக் கொடுத்தது. ஆனால் வெயிலில் நிற்கச் சொன்னது. இன்றைய காமிரா நிழலுக்குள்ளும் வருகிறது. ஏலக்காட்டில் காய் பறிப்பவர், இனி தம் வேலையை விட்டு எழுந்து வரவேண்டியதில்லை.