கிரேக் சாப்பலும் ஆலங்குடி சலூனும்

கொஞ்ச நாளா ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கமே தலை காட்ட முடியல. இன்னிக்கு எழுத வச்சது மெல்போர்ன்ல பார்த்த ஒரு திங்கக்கிழமை காலை.

ஆபீஸ் வேலையா மூணு மாசம் அங்க இருந்தேன். திங்கக்கிழமைன்னா பேன்ட்ரியில ஒரே பேச்சுதான், ஃபுட்டி. ஒரு பக்கத்துக்கு 18 பேர், முட்டை மாதிரி பந்து, முட்டை மாதிரி மைதானம், ரெண்டு முனையிலும் நாலு நாலு கம்பம். ஆட்டத்தோட விதி கடைசி வரைக்கும் எனக்குப் புரியல. ஆனா பேச்சு முதல் நாளே புரிஞ்சிடுச்சு. கோச்சைத் தூக்கணுமா, இன்னொரு வருசம் குடுக்கணுமா? டீக்கப்பைக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தர் கோச்சுக்காக வாதாடுறார், இன்னொருத்தர் அந்தாளுக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்து ஊருக்கே அனுப்பிடுறார். எனக்கு அப்படியே எங்க ஆலங்குடி சலூன் ஞாபகம் வந்துடுச்சு. அங்க உருண்டதும் ஒரு ஆஸ்திரேலியாக்காரர் தலைதான்.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கிறேன் மக்களே.

2007ல எனக்கு பத்து வயசு. நாற்காலி கைப்பிடி மேல பலகை போட்டு உக்கார வச்சு முடி வெட்டுற வயசு. மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சித்தப்பா கூட்டிட்டுப் போவார். சித்தப்பா கங்குலி கட்சி. சலூன் அண்ணன் டிராவிட் கட்சி. அண்ணன் கண்ணாடிக்கு மேல முருகன் படம், அதுக்குப் பக்கத்துல பேப்பர்ல வெட்டி ஒட்டின டிராவிட். மார்ச் 18, ஞாயித்துக்கிழமை நாங்க போனப்ப கடையில நிக்க இடமில்ல. முந்தின நாள் ராத்திரிதான் உலகக் கோப்பையில வங்காளதேசத்துக்கிட்ட தோத்திருந்தோம். 191க்கு ஆல் அவுட், அவங்க 5 விக்கெட்ல ஜெயிச்சுட்டாங்க. நம்ம பக்கம் அதிகம் அடிச்சது யாரு? கங்குலி, 66. சித்தப்பாவுக்கு அது போதாதா!

"உங்க சாப்பல் எங்காளை ஒரு வருசம் வீட்ல உக்கார வச்சான், இன்னிக்கு யாருய்யா அடிச்சது?"ன்னு ஆரம்பிச்சார். அண்ணன் என் காதுகிட்ட கத்தரியை வச்சுக்கிட்டே பதில் சொன்னார். எனக்கு கிரிக்கெட்டை விட காது பத்தின கவலைதான் அன்னிக்கு அதிகம் :-)

அங்க உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர், "ஆஸ்திரேலியா சகவாசம் நம்ம சீமைக்கு ஆகாதுப்பா"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க, எனக்குப் புரியல. புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915ல மெல்போர்ன்லதான் மோலி ஃபிங்க்கைக் கல்யாணம் பண்ணினார், வெள்ளைக்கார சர்க்கார் அவங்களை ராணியா ஏத்துக்கவே இல்ல, மகன் சிட்னிக்குப் பட்டமும் வரல என்பதெல்லாம் ரொம்ப பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதறேன்.

சலூன் வழக்குக்கு வருவோம். பத்து வயசுல காதால கேட்ட குற்றப்பத்திரிகையை இப்ப உக்காந்து ஒவ்வொண்ணா சரி பார்த்தேன். வேடிக்கை என்னன்னா, பாதிக்கு மேல நிக்கல.

முதல்ல, இந்தாளை யார் கூட்டிட்டு வந்தது? நம்ம அணிக்கு முதல் வெளிநாட்டு கோச் நியூசிலாந்தின் ஜான் ரைட். 2000லேர்ந்து 2005 வரைக்கும் இருந்தார், 2003 உலகக் கோப்பை இறுதி வரைக்கும் போனோம். அவர் போனதும் நாலு பேர் போட்டி. சாப்பல், டாம் மூடி, மொகிந்தர் அமர்நாத், டெஸ்மண்ட் ஹெய்ன்ஸ். தேர்வுக் குழுவுல கவாஸ்கர், சாஸ்திரி, நம்ம சென்னை வெங்கட்ராகவன் எல்லாம் இருந்தாங்க. 2005 மே மாசம் சாப்பல்னு முடிவாச்சு. அதுக்கு ரொம்ப ஆசைப்பட்டவர் கேப்டன் கங்குலியேதான். 2003 கடைசியில ஆஸ்திரேலியா போறதுக்கு முன்னாடி தனியா போய் சாப்பல்கிட்ட பாடம் கேட்டு, பிரிஸ்பேன்ல 144 அடிச்சவர் அவர். சித்தப்பாகிட்ட இதை யாரும் அன்னிக்குச் சொல்லல. சொல்லியிருந்தா கத்தரி என் காதுலதான் இறங்கியிருக்கும்.

வந்து நாலு மாசத்துல ஜிம்பாப்வே. கேப்டன் பதவியை விட்டுடச் சொன்னாங்கன்னு கங்குலி பத்திரிகைக்காரங்ககிட்ட போட்டு உடைச்சார். பதிலுக்கு சாப்பல் கிரிக்கெட் வாரியத்துக்கு ஒரு நீள மெயில் தட்டினார். கங்குலி உடம்பாலும் மனசாலும் அணியை நடத்துற நிலையில இல்லைங்கிறது அதோட சாரம். அந்த மெயில் பத்திரிகைக்குப் போயிடுச்சு. ஐடியில இருக்கறவங்களுக்கு இந்தக் காட்சி நல்லாவே தெரியும். டீம்ல ஒருத்தரைப் பத்தி மேல எஸ்கலேஷன் மெயில் போட்டு, அது சுத்தி வந்து அவர் கண்ணுலயே படறது. அதுக்கப்புறம் அந்த ப்ராஜக்ட்ல யாரும் யார்கிட்டயும் மனசு விட்டுப் பேச மாட்டாங்க.

ஆனா ஆட்டம்? அது நல்லாத்தான் போச்சு, இதைத்தான் நாம மறந்துட்டோம். டிராவிட் கேப்டன் ஆனதும் சொந்த மண்ணுல இலங்கையை 6-1, பாகிஸ்தான்ல போய் 4-1, இங்கிலாந்தை 5-1. 2005 செப்டம்பர்லேர்ந்து 2006 மே வரைக்கும் இரண்டாவதா ஆடின 17 ஒருநாள் போட்டியில தொடர்ச்சியா ஜெயிச்சது இந்தியா. 2006ல 35 வருசம் கழிச்சு வெஸ்ட் இண்டீஸ்ல டெஸ்ட் தொடர். அதே வருசம் டிசம்பர்ல ஜோகன்னஸ்பர்க்ல, தென்னாப்பிரிக்க மண்ணுல முதல் டெஸ்ட் வெற்றி. அந்த டெஸ்ட்ல திரும்பி வந்து ஆட்டமிழக்காம 51 அடிச்சவர் யாருன்னு நினைக்கறீங்க? கங்குலிதான்! சாப்பல் ஓரங்கட்டினவர் சாப்பல் அணிக்கே ஜெயிச்சுக் குடுத்தார்.

சரிஞ்சது 2006 மே மாசத்துக்கு அப்புறம். வெஸ்ட் இண்டீஸ்ல ஒருநாள் தொடர் 1-4, நம்ம ஊர்ல நடந்த சாம்பியன்ஸ் டிராபியில அரையிறுதி கூட இல்ல, தென்னாப்பிரிக்காவுல 0-4. பார்லிமென்ட்ல கூட திட்டினாங்க. 2007 ஜனவரியில புவனேஸ்வர் ஏர்போர்ட்ல ஒரு ஆள் சாப்பலைப் பின்னாலேர்ந்து அடிச்சார். ஒடிசாக்காரங்க யாரையும் அணியில சேர்க்கலைன்னு கோபமாம். சேர்க்கறது தேர்வாளர்கள், அடி கோச்சுக்கு. இதை அன்னிக்கு சலூன்ல சிரிச்சுக்கிட்டே பேசினாங்க. இப்ப நினைச்சா எனக்குச் சிரிப்பு வரல.

மார்ச் 23. போர்ட் ஆஃப் ஸ்பெயின். இலங்கை 254. நம்மாளுங்க 185க்கு சுருண்டாங்க. சச்சின் 0, தோனி முரளிதரன்கிட்ட முதல் பந்துலயே 0, டிராவிட் மட்டும் 60. ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பிக்கற மேட்ச், அப்பத்தா மடியில படுத்துக்கிட்டு பாதி பார்த்தேன், மீதி காலையில அழுகையா கேட்டேன். எதிரணி கோச் யார் தெரியுமா? டாம் மூடி. ரெண்டு வருசம் முன்னாடி நாம வேணாம்னு சொன்ன அதே டாம் மூடி. அவர் அணி அந்த உலகக் கோப்பையில இறுதி ஆட்டம் வரைக்கும் போச்சு.

ஏப்ரல் 4, சாப்பல் தொடர விரும்பலைன்னு சொல்லிட்டுக் கிளம்பினார். எங்க வீட்டுல சித்தப்பா கேசரி கிண்டச் சொன்னார், நிஜமா. ஆனா சலூன் பக்கம் போறதை நிறுத்திட்டார். அண்ணன் ஏதோ சொல்லிட்டாராம், கங்குலியைப் பத்தி. என்னையும் வேற கடைக்குக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சார். அங்க பலகை கிடையாது, எனக்கு கழுத்து வலி.

அப்புறம் நடந்ததுதான் கோச் கட்சிக்காரங்களுக்குப் பெரிய அடி. முழுநேர கோச்சே இல்லாம இங்கிலாந்து போய் 1986க்கு அப்புறம் முதல் தடவையா அங்க டெஸ்ட் தொடர் ஜெயிச்சாங்க. அந்தத் தொடர்ல நம்ம பக்கம் அதிக ரன் நம்ம தினேஷ் கார்த்திக், 263. உலகக் கோப்பைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு மேட்ச் கூட ஆட விடாத அதே கார்த்திக். செப்டம்பர்ல டி20 உலகக் கோப்பை, மேனேஜரா லால்சந்த் ராஜ்புத். "கோச்சே தேவையில்ல போல"ன்னு ஊரே பேசுச்சு. 2008ல கேரி கிர்ஸ்டன் வந்து, 2011ல கோப்பை கைக்கு வந்ததும் "கோச்னா கிர்ஸ்டன்"னு அதே வாய் பேசுச்சு.

அந்த 2011 இறுதி ஆட்டத்துப் பதினோரு பேரை எடுத்துப் பாருங்க. ரெய்னா, ஸ்ரீசாந்த், முனாஃப் படேல் மூணு பேரும் சாப்பல் காலத்துல முதல் முறை இந்தியாவுக்கு ஆடினவங்க. ஆக இளசுகளைக் கண்டுபிடிக்கறதுல ஆள் கெட்டிக்காரர்தான். அதே பதினோரு பேர்ல ஜாகீர் கான். நான் கோச்சா இருக்கற வரைக்கும் நீ ஆட மாட்டேன்னு சாப்பல் சொன்னதா 2014ல ஜாகீர் சொன்னார். அந்த ஜாகீர்தான் 2011ல 21 விக்கெட் எடுத்து அப்ரிடியோட முதலிடத்தைப் பகிர்ந்துக்கிட்டார்.

என் கணக்குப்படி சாப்பல் போனது சரிதான். ஆனா சலூன் சொன்ன காரணத்துக்காக இல்ல. தோல்விக்கு அவரைத் தூக்கினா முந்தின 17 வெற்றியையும் அவர் கணக்குலதான் எழுதணும். அவர் செஞ்ச தப்பு வேற. தன் ஆளுங்களைப் பத்தி அவங்க முகத்துக்கு நேரா சொல்லாம மத்தவங்ககிட்ட சொல்றவர்னு ஆட்டக்காரங்க நம்ப ஆரம்பிச்சுட்டாங்க. அந்த மெயிலுக்கு அப்புறம் நம்பாம இருக்கவும் முடியாது. 2014ல சச்சின் தன் சுயசரிதையில சாப்பலை ரிங் மாஸ்டர்ங்கிறார். உலகக் கோப்பைக்குச் சில மாசம் முன்னாடி வீட்டுக்கு வந்து, டிராவிட்கிட்டேர்ந்து கேப்டன் பதவியை வாங்கிக்கச் சொன்னாருன்னும் எழுதினார். சாப்பல் அப்படி நடக்கவே இல்லைன்னார். எது உண்மையோ, இதுல நடுவுல மாட்டினது டிராவிட். அந்த மனுசன் இன்னி வரைக்கும் பெருசா வாயைத் திறக்கல.

புத்தகம் வந்தப்ப சித்தப்பா பேப்பரை எடுத்துக்கிட்டு, ஏழு வருசம் கழிச்சு, நேரா பழைய சலூனுக்கே போய் நாற்காலியில உக்காந்தார். அண்ணன் ஒண்ணும் பேசலையாம். துண்டைப் போர்த்தி வெட்டி விட்டாராம்.

அண்ணனுக்கு 2020ல வாய்ப்பு கிடைச்சுது. சாப்பல் மேல இருந்த பெரிய கேஸ், இர்ஃபான் பதானை மூணாவது ஆளா இறக்கி பவுலிங்கைக் கெடுத்துட்டார்ங்கிறது. இர்ஃபானே சொல்லிட்டார், அந்த யோசனை சச்சினோடது, சாப்பலைக் குத்தம் சொல்றது தப்புன்னு. லாக்டவுன் முடிஞ்சு நான் ஊருக்குப் போயிருந்தப்ப அண்ணன் முடி வெட்டிக்கிட்டே, "தம்பி, இதை மறக்காம சித்தப்பாகிட்ட சொல்லிடு"ன்னார்.

சொன்னேன். சித்தப்பா கொஞ்ச நேரம் யோசிச்சார்.

"அப்ப மெயிலையும் சச்சினா போட்டாரு? போய்க் கேட்டுட்டு வா."