களத்தின் உள்ளும் புறமும்

கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டுமே வரலாற்றைத் தேடிப் பழகிய நமக்கு, ஓர் ஆடுகளமும் வரலாற்றுச் சான்றாகக் கூடும் என்பது எளிதில் தோன்றுவதில்லை. தாயகம் விட்டு வடக்கிலும் மேற்கிலும் குடியேறி வாழும் நம் இல்லங்களில், கிரிக்கெட் வீரர்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பிள்ளைகள் பலர் உண்டு. ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா கடைசியாகத் தங்கம் வென்றபோது அணித்தலைவராக விளங்கியவர் யார் என்று அப்பிள்ளைகளைக் கேட்டால் மௌனமே விடையாகக் கிடைக்கும். அவர் நம்மவர், நெல்லுக்கும் பட்டுக்கும் பேர்பெற்ற ஆரணியில் 1950-ஆம் ஆண்டு பிறந்த வாசுதேவன் பாஸ்கரன்.

சென்னை லயோலாவில் பயின்ற பாஸ்கரன் நடுக்கள ஆட்டக்காரராக வளர்ந்தார். முன்வரிசையாளர்க்கு வாய்க்கும் கைதட்டல் நடுக்களத்தார்க்கு வாய்ப்பதில்லை. எதிரியின் தாக்குதலை முறிப்பதும், முறித்த பந்தைத் தக்கவரிடம் சேர்ப்பதும், அணியின் மூச்சு தளராமல் பார்த்துக்கொள்வதும் அவர்தம் பணி. கூட்டுக் குடும்பத்தில் அடுக்களையைத் தாங்கும் மூத்த மருமகளின் இடம் அது என்று சொன்னால் நம் தாய்மார்கள் உடனே விளங்கிக்கொள்வர்.

அவர் காலத்து ஆட்டக்காரர்கள் மண்ணிலும் புல்லிலும் ஆடிப் பழகியவர்கள். பந்து எகிறும், திசை மாறும், அதனை அடக்கி ஆள்வதற்கு மணிக்கட்டின் நுட்பம் வேண்டும். இந்தியரும் பாகிஸ்தானியரும் உலகை ஆண்டது அந்த நுட்பத்தால்தான். 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரை விரிக்கப்பட்டது. பந்து ஒரே சீராக விரைந்தோடும் அத்தரையில், நுட்பத்தைக் காட்டிலும் வேகமும் உடல்வலிமையும் மேலோங்கின. ஆஸ்திரேலியாவிடம் 1-6 என்று தோற்ற இந்தியா ஏழாம் இடத்திற்கு இறங்கியது. அந்த வீழ்ச்சியைக் களத்தில் நின்று கண்டவர்களுள் பாஸ்கரனும் ஒருவர்.

நான்காண்டுகள் கழித்து மாஸ்கோவுக்குச் சென்ற பதினாறு பேரில், முன்னர் ஒலிம்பிக் ஆடியவர்கள் இருவர் மட்டுமே: கோல்காவலர் பிர்பகதூர் சேத்ரியும் அணித்தலைவர் பாஸ்கரனும். ஏனையோர் புதியவர்கள். ஆப்கானிஸ்தானத்துள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அவ்விழாவைப் புறக்கணித்தன. பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய அணிகள் வரவில்லை. ஆறே அணிகள் களத்தில் நின்றன. இந்த உண்மையை நாம் மறைக்க வேண்டியதில்லை. பழம்பெருமை பேசும்போது வசதியற்றவற்றை விட்டுவிடும் பழக்கம் நம்மவரிடையே கொஞ்சம் அதிகம். ஆயினும் வராதவர்களை வெல்ல எவராலும் இயலாது. வந்தவர்களுடன் ஆடித்தான் தங்கம் பெற வேண்டியிருந்தது.

அதுவும் எளிதாகக் கிட்டவில்லை. தான்சானியாவை 18-0 என்றும் கியூபாவை 13-0 என்றும் வென்ற அதே அணி, போலந்துடனும் ஸ்பெயினுடனும் 2-2 என்று சமநிலையில் முடித்தது. சோவியத் அணியை 4-2 என வென்று இறுதியாட்டத்தில் மீண்டும் ஸ்பெயினைச் சந்தித்தது. 1980 ஜூலை 29. சுரிந்தர் சிங் சோதியின் இரண்டு கோல்களும் மகராஜ் கிருஷன் கௌசிக்கின் ஒரு கோலும் சேர, இந்தியா 3-0 என்று முன்னணியில் நின்றது. பின்னர் காற்று திசைமாறியது. ஸ்பெயினின் ஹுவான் அமாட் இரண்டு கோல்களைத் திருப்பினார். முகமது ஷாகித் நான்காவது கோலை அடிக்க, அமாட் விடாமல் தம் மூன்றாவதையும் அடித்தார். 4-3. எஞ்சிய நேரத்தை எப்படியேனும் கடத்தியாக வேண்டும். இக்காலத்தைப் போல ஆட்டக்காரர்களை நினைத்தபோதெல்லாம் உள்ளே அனுப்பவும் வெளியே அழைக்கவும் அன்று வழியில்லை. சோர்ந்தாலும் பெரும்பாலும் களத்தில் நின்றவர்களே தாங்க வேண்டும். அவர்களை ஒருங்கிணைக்க அணித்தலைவரின் குரல்தான். அந்த முன்னணி கடைசிவரை கலையவில்லை. அது இந்தியாவின் எட்டாவது தங்கம். அர்ச்சுனா விருதும் பத்மஸ்ரீயும் பாஸ்கரனை நாடி வந்தன.

ஆட்டக்காரராய் இருந்தவர் பயிற்சியாளராக மாறுவதை நாம் பதவி உயர்வு போலக் கருதுகிறோம். அது வேறொரு தொழில் என்றே கருத வேண்டும். மட்டையைக் கையில் வைத்திருப்பவன் தன் பிழையைத் தானே ஓடிச்சென்று திருத்தலாம். களப்புறத்தில் நிற்பவனுக்கு அந்த வாய்ப்பில்லை. மேலும், பாஸ்கரன் பயிற்சியாளராக நின்ற காலத்தில் ஆட்டமே உருமாறிவிட்டது. ஆட்டக்காரரை எத்தனை முறையும் மாற்றலாம் என்னும் விதி தொண்ணூறுகளில் வந்தது. 'ஆஃப்சைடு' விதி நீங்கியது. தலைவரிடம் இருந்த அதிகாரத்தில் பெரும்பங்கு பயிற்சியாளரிடம் இடம்பெயர்ந்தது. ஆனால் அதிகாரம் கூடிய அளவுக்கு அவர்தம் இருக்கை உறுதியானதாக இல்லை. மாஸ்கோ அணியில் உடன் ஆடிய கௌசிக், 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த பயிற்சியாளர். வென்று திரும்பிய சில நாள்களிலேயே அவரும் ஆட்டக்காரர் சிலரும் நீக்கப்பட்டனர். தோற்றவனை நீக்குவது உலக வழக்கு. வென்றவனை நீக்கிய விந்தையை என்னென்பது?

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்கு அணியை அழைத்துச் சென்ற பயிற்சியாளர் பாஸ்கரன். புனேயை அடுத்த கட்கியில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த தன்ராஜ் பிள்ளையும் அவ்வணியில் ஆடினார். பிரிவின் கடைசி ஆட்டம் போலந்துடன். வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னணியில் இருந்த இந்தியா, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலை விட்டுக்கொடுத்தது. 1-1. அரையிறுதி இடம் தென்கொரியாவுக்குப் போயிற்று. அவர்கள் வெள்ளியும் வென்றனர். நமக்குக் கிட்டியது ஏழாம் இடம். இருபதாண்டுகளுக்கு முன் மாஸ்கோவில் அதே போலந்துடன் கண்ட சமநிலை இந்தியாவுக்கு எந்த இழப்பையும் தரவில்லை. சிட்னியில் அது எல்லாவற்றையும் பறித்துக்கொண்டது. மாஸ்கோவின் இறுதி நிமிடங்களில் களத்தினுள் நின்ற மனிதர், சிட்னியின் இறுதி நிமிடங்களில் கோட்டுக்கு வெளியே நிற்க நேர்ந்தது.

2006 உலகக் கோப்பைக்கு ஜெர்மனி சென்றபோதும் பயிற்சியாளர் பாஸ்கரனே. பன்னிரண்டு அணிகளில் இந்தியா பதினொன்றாவது. இதனை எழுதாமல் விட்டால் மாஸ்கோவைப் பற்றி எழுதியதற்கு மதிப்பிராது. பயிற்சியாளரின் குறையென்று சிலர் கூறினர். செயற்கைத் தரைக்கு ஊர்தோறும் பழகிய ஐரோப்பிய நாடுகளுக்கு எதிரே, அத்தரையைக் காலந்தாழ்ந்தே காணும் நம் சிறுவர்களை நிறுத்திவிட்டு, ஒரு மனிதரிடம் கணக்குக் கேட்பது நேர்மையாகாது என்பது நம் கருத்து.

2021 மே 8 அன்று, மாஸ்கோ அணியின் கௌசிக்கும் நடுக்களத்து ரவீந்தர் பால் சிங்கும் கொரோனாவால் ஒரே நாளில் மறைந்தனர். மூன்று திங்கள் கழியுமுன், ஆகஸ்டு 5-ஆம் நாள் டோக்கியோவில், 1-3 எனப் பின்தங்கியிருந்த இந்தியா மீண்டெழுந்து ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் பெற்றது. ஒலிம்பிக் ஹாக்கியில் மாஸ்கோவுக்குப் பின் கிட்டிய முதற்பதக்கம். அங்கும் கடைசி நொடிகளில் ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. முன்னாள் ஆஸ்திரேலிய ஆட்டக்காரரான பயிற்சியாளர் கிரஹாம் ரீடு கோட்டுக்கு வெளியே நின்று பார்த்திருக்க, கோல்காவலர் ஸ்ரீஜேஷ் பந்தைத் தடுத்தார்.