கேட்டல்

தமிழில் 'கேள்' என்ற ஒரே வினைக்கு இரண்டு வேலை. வினவுவதும் கேட்டல், செவிகொடுப்பதும் கேட்டல். மலைகளின் மீது நாம் இயற்றிய சட்டங்களின் சரித்திரத்தை இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே படித்துவிடலாம்.

சென்னை மாகாண வனச் சட்டம் 1882-ல் வந்தது. ஒரு காட்டை ஒதுக்குவதற்கு முன் சுற்றுக் கிராமங்களில் பிரகடனம் செய்ய வேண்டும். உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குக் குறையாத ஒரு கெடுவுக்குள் வந்து சொல்ல வேண்டும். சொல்லாதவர்களின் உரிமை, ஒதுக்கு அறிவிப்பு வெளியானதும் அற்றுப்போகும். பார்வைக்கு இதுவும் கேட்டல்தான். ஆனால் அதைக் கோரிப் பெற வேண்டிய பொருளாக என்றுமே நினைத்திராதவர்களிடம் வைக்கப்பட்ட கெடு அது. அவர்கள் மௌனத்தைச் சட்டம் சம்மதம் என்றுகூடக் கொள்ளவில்லை. உரிமையே இல்லை என்று கொண்டது.

சேர்வராயன் மலையின் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடிகள். பெயரை வைத்துக் கேரளத்தில் தேட வேண்டியதில்லை. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பின்பு தோட்டங்கள் பெருகின. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1957-ம் ஆண்டின் கனிமச் சட்டத்தில், குத்தகை கொடுக்குமுன் மலைக் கிராமத்தின் சொல்லைக் கேட்கப் பணிக்கும் பிரிவே கிடையாது. மேட்டூர் அலுமினிய ஆலை 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது. இந்த மலையின் பாக்சைட் அங்கே போயிற்று. வெள்ளைக்காரன் ஒப்புக்காவது கேட்டான். நாம் அதையும் விட்டோம்.

அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை தமிழ்நாட்டில் ஒரு பகுதியையும் பட்டியல் பகுதியாகக் கொள்ளவில்லை. ஆகவே 1996-ல் அத்தகைய பகுதிகளின் கிராமசபைகளுக்கு அதிகாரம் தந்த சட்டம் ஏற்காட்டில் செல்லாது. நமக்கு வாய்த்தது ஒரு பழங்குடியினர் ஆலோசனைக் குழு. ஆளுநர் அனுப்பும் விஷயத்தின் மீது மட்டும் அது யோசனை சொல்லலாம். அதாவது, கேட்டால்தான் பேசலாம்.

2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நிலைமையைச் சற்று மாற்றியது. 2013-ல் உச்ச நீதிமன்றம் ஒரிஸ்ஸாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுப்பது பற்றிய கேள்வியைக் கிராமசபைகளிடமே அனுப்பியது. பன்னிரண்டு கிராமங்கள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. சுரங்கம் நின்றது. அதே பாக்சைட், அதே போல் தெய்வம் குடியிருக்கும் மலை. ஒரு வித்தியாசம்தான்: அங்கே கேட்டார்கள். இங்கேயோ, உரிமைப் பட்டா கொடுக்குமுன் தன் உத்தரவைப் பெற வேண்டுமென்று சென்னை உயர் நீதிமன்றம் 2008-ல் விதித்த தடை 2016-ல்தான் நீங்கியது.

நியம்கிரியிலும் கேட்கப்பட்டது ஒரு சுரங்கத்தைப் பற்றித்தான்; சட்டத்தைப் பற்றியல்ல. சட்டம் எழுதும் மேஜைக்கு மலைக்காரரை யாரும் அழைப்பதில்லை. 2022-ல் வந்த வன விதிகள் மத்திய அரசின் ஒப்புதலை முன்னாலும் வன உரிமைகளைத் தீர்க்கும் வேலையைப் பின்னாலும் வைத்தன. இந்த வரிசை மாற்றம் பற்றி எந்தக் கிராமசபை கூடியது? கனடாவிலும் இதே முட்டுச்சந்துதான். கலந்தாலோசிக்கும் கடமை அங்கே அரசுக்கு உண்டு; ஆனால் சட்டம் இயற்றும் வேலைக்கு அது பொருந்தாது என்று 2018-ல் மிக்கிசூ கிரீ மக்களின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. விளைவைப் பற்றிக் கேட்கலாம், விதியைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்பதே இதன் சாரம்.

இதை எழுதும் நான் வங்கிக் குமாஸ்தா. கடன் கேட்டு வருகிறவரிடம் என் முதல் கேள்வி, சிட்டா உண்டா என்பது. வெள்ளக்கடைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒருமுறை சொன்னார்: "அது கவர்மெண்டுகிட்ட இருக்கும் சார். எங்ககிட்ட நிலந்தான் இருக்கு."

நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.