இரவைத் தொலைத்த பேய்ப்படம்

1922 மார்ச் 4 அன்று பெர்லின் விலங்குக்காட்சிச் சாலையின் பளிங்கு மண்டபத்தில் 'நோஸ்ஃபெராட்டு' முதன்முதலாகத் திரையிடப்பட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். மூன்றே ஆண்டுகளில் ஜெர்மன் நீதிமன்றம் அதன் பிரதிகள் அத்தனையையும் அழிக்க உத்தரவிட்டது.

வழக்குத் தொடுத்தவர் 'டிராகுலா' நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ். படத்தைத் தயாரித்த பிராணா ஃபிலிம், டிராகுலாவை ஓர்லாக் ஆக்கியதே தவிர உரிமை வாங்கவில்லை. நஷ்டஈடு கேட்டால் கம்பெனியே திவால். காசு பெயராது என்றானதும், படமே இருக்கக் கூடாது என்று ஃப்ளாரன்ஸ் உறுதியாக நின்றார். கணவரை இழந்து, அவருடைய எழுத்தின் வருமானத்தை நம்பியிருந்தவர். அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே சொல்வேன்.

வெளிநாடு போயிருந்த பிரதிகள் மட்டும் தப்பின. பிரெஞ்சுப் பிரதி ஒன்றின் நகல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர, ஒரு தலைமுறையே அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையில்தான் அறிந்தது. அங்கேதான் சிக்கல். கதைப்படி ஓர்லாக் சூரிய ஒளி பட்டால் அழிந்துபோவான். ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். வெயிலில் மடிவது இந்தப் படம் புகுத்திய கற்பனை. அப்படிப்பட்டவன் சவப்பெட்டியை இடுக்கிக்கொண்டு பட்டப்பகலில் தெருவில் நடக்கிறான்! அருங்காட்சியக இருட்டில் அதைப் பார்த்தவர்களுக்குக் குழப்பம் வராமல் இருக்குமா?

படத்தை இயக்கிய முர்னாவின் தவறல்ல அது. அன்றைய பிலிமுக்கு ஒளியுணர்வு குறைவு. வெளிப்புற இரவுக் காட்சிகளையும் பகலில்தான் எடுத்தார்கள். பிறகு திரையிடும் பிரதியைச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். இரவுக்கு நீலம், விளக்கொளிக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு. விஸ்மாரிலும் லூபெக்கிலும் வெயிலில் எடுத்த தெருக்கள் அந்த நீலத்தில்தான் நள்ளிரவாயின. ஆனால், தீப்பற்றும் பழைய நைட்ரேட் பிலிமைக் கறுப்பு வெள்ளைச் சுருளில் நகலெடுத்தபோது சாயம் கூட வரவில்லை. படம் பிழைத்தது, இரவு போயிற்று.

அந்த இரவை மீட்டவரும் ஓர் அருங்காட்சியகத்துக்காரரே. மியூனிக் நகர அருங்காட்சியகத்தின் திரைப்படப் பிரிவை நடத்திய என்னோ படாலாஸ், பல நாட்டுப் பிரதிகளை ஷாட் ஷாட்டாக ஒப்பிட்டு, விடுபட்டவற்றைக் கோத்தார். பாரிஸின் திரைப்படக் காப்பகமான சினிமாத்தெக்கில் இருந்த சாயமேற்றிய பழைய பிரதி எந்தக் காட்சிக்கு எந்த நிறம் என்பதைக் காட்டிக்கொடுத்தது. 1980களில் நீலம் திரைக்குத் திரும்பியது. ஒரு ஷாட்டுக்காக எத்தனை சுருள்களைப் புரட்டியிருப்பார்! படத்தை எடுத்தவர்களுக்கு இணையாக அவரையும் வைத்துப் போற்ற வேண்டும் என்பது என் கட்சி. பின்னர் 2005-06இல் லூசியானோ பெரியாத்துவா அதையும் செப்பனிட்டு, ஹான்ஸ் எர்ட்மனின் மூல இசையோடு சேர்த்தார்.

சாயமற்ற நகல்கள் இன்றும் புழக்கத்தில் உண்டு. பார்ப்பதானால், தயவுசெய்து நீலம் உள்ளதைத் தேடிப் பாருங்கள்.

அடுத்த வாரம் கார்ல் டிரேயரின் 'வாம்பையர்', 1932. அதற்கும் மூல நெகட்டிவ் மிஞ்சவில்லை.