பண்டரிபுரத்தில் படிக்குக் கீழே ஒரு சமாதி

ஆஷாட ஏகாதசிக்கு ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும் தேஹூவிலிருந்து துக்காராம் பல்லக்கும் பண்டரிபுரம் வந்து சேர்கின்றன. லட்சக்கணக்கானோர் உடன் நடக்கிறார்கள். விட்டலன் முன்னால் எல்லோரும் சமம் என்பது வார்கரி மரபின் பெருமை. அந்தச் சமத்துவம் எந்த இடத்தில் நின்றுபோனது என்று பார்க்க, நாம் கோயிலுக்குள் போக வேண்டியதில்லை. மகாதுவாரத்தின் முதல் படி, தையற்காரச் சாதியில் பிறந்த நாமதேவர் பெயரில் இருக்கிறது. அதற்கு எதிரே, கீழே இருப்பது சோகாமேளரின் சமாதி.

பக்த விஜயக் கதையாக இவரை நம்மில் சிலர் கேட்டிருக்கலாம். 14ஆம் நூற்றாண்டு, மகர் சாதி. மங்கள்வேடாவில் மதில் கட்டும் வேலையில் சுவர் இடிந்து விழுந்து செத்துப்போனார். 'விட்டல்' என்ற ஒலியை வைத்து நாமதேவர் அவருடைய எலும்புகளை அடையாளம் கண்டு இங்கே கொண்டுவந்து புதைத்தார் என்கிறது மரபு. கதை உருக்கமானதுதான். ஆனால் அந்த மதிலுக்கு அவரை அனுப்பியது எது என்று அது கேட்பதில்லை. செத்த பிறகும் அவருக்குக் கிடைத்தது வாசலுக்கு வெளியேதான். பின்னால் அந்தச் சமாதியே எல்லைக்கல் ஆனது: தீண்டப்படாதோர் அதுவரை வரலாம், அதற்கு மேல் படியேறக் கூடாது.

அவரை வெறும் பணிவின் உருவமாகக் காட்டுவதில் நமக்கு உடன்பாடில்லை. முற்பிறவி வினை என்று தன்னையே நொந்துகொள்ளும் அபங்கங்கள் அவர் பெயரில் உண்டு; தீட்டு என்றால் என்ன என்று கேட்பவையும் உண்டு. அவருடைய மனைவி சோயராபாய் இன்னும் நேராகவே கேட்டார்: உடலோடு சேர்ந்தே பிறக்கும் தீட்டு இல்லாத மனிதர் யார்?

கதவு திறந்தது 1947இல். பாண்டுரங்க சதாசிவ சானே என்ற சானே குருஜி (கடவுளின் பெயரே அவர் பெயரும்!) மே 1ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார், பத்தாவது நாளில் கோயில் தரப்பு இறங்கிவந்தது. பாராட்ட வேண்டிய போராட்டம். ஆனால் மாணவர்கள் இன்னொரு தேதியையும் இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நாசிக் காலாராம் கோயில் வாசலில் 1930 முதல் ஆண்டுக்கணக்கில் அடிவாங்கிய மகர்கள், 1936 மே இறுதியில் மும்பையில் மாநாடு கூட்டி, இந்துக் கடவுள்களை வணங்குவதில்லை, புனிதத் தலங்களுக்குப் போவதில்லை என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். பண்டரிபுரத்தில் வழிவிட்டபோது, போராடியவர்களில் பெரும்பகுதியினர் அந்த வாசலை விட்டே நகர்ந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அம்பேத்கர் கோயிலை விட்டாரே தவிர, இந்த மனிதர்களை விடவில்லை. 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதோர்' நூலை அவர் மூவருக்குக் காணிக்கையாக்கினார்: நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர். தில்லைக்குள் நுழைய ஒருவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது. பண்டரிபுரத்தில் இன்னொருவர் எலும்பாக வந்தும் உள்ளே போக முடியவில்லை.

1947இல் கிடைத்தது கும்பிடும் உரிமை மட்டுமே. பூசையும் அதன் வருமானமும் பட்வே, உத்பாத் என்ற பார்ப்பனக் குடும்பங்களிடம் பரம்பரைச் சொத்தாகவே நீடித்தன. அரசு 1973இல் சட்டம் இயற்றியது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2014 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய உரிமைக் கோரிக்கையை நிராகரித்தது. அதன் பிறகே, பூசை செய்ய எல்லாச் சாதியினரும் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று கோயில் குழு அறிவித்தது. கதவு திறந்து அப்போது 67 ஆண்டுகள் கடந்திருந்தன.